கம்பளி வைத்துத் தைத்த கிதார்

முதல் கிதாரைச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. கம்பி பூட்டி, சுருதி சேர்த்து, நன்றாக வாசிக்கத் தெரிந்த நண்பன் ஒருவனிடம் கொடுத்தேன். இரண்டு முறை மீட்டினான். பிறகு துளைக்குள் எட்டிப் பார்த்தான். "உள்ள கம்பளி ஏதாச்சும் வெச்சுத் தைச்சிருக்கியாடா?" என்று கேட்டான்.

கோபம் வந்ததுதான். ஆனால் நியாயமான கேள்வி. பார்வைக்கு அந்தக் கிதாரில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. இணைப்புகளில் மயிரிழை இடைவெளி கிடையாது, வார்னிஷ் கண்ணாடி மாதிரி மின்னும். மீட்டினால் மட்டும் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போலக் கேட்கும். எழுந்த ஒலி எழுந்த வேகத்தில் அமுங்கிவிடும். கார்வை என்பதே இல்லை.

நான் உடனே மரத்தின் மேல் பழியைப் போட்டேன். அடுத்ததற்கு உயர்ந்த ரகம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. ஏழு கிதார் முடித்து எட்டாவதில் கை வைத்திருக்கும் இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், அந்த முதல் கிதாரின் மரத்தில் ஒரு குறையும் இல்லை. அதைச் செய்தவனுக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆறு இரும்புக் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது மொத்தமாக ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். ஒரு வளர்ந்த ஆளின் எடை. அதை ஒரு மெல்லிய பலகை தாங்க வேண்டும் என்று தெரிந்ததும் கை நடுங்கிவிட்டது. மேல்பலகையை 3.6 மி.மீ. கனத்தில் விட்டேன். பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் மரப் பட்டிகளான பிரேஸ்களை 18 மி.மீ. உயரத்தில், முனை வரை சீவாமல், கூரைக்குக் கைமரம் போடுவது போலப் போட்டேன். முடிந்த பிறகு எடை போட்டால் 2.7 கிலோ. அதே அளவில் நன்றாக ஒலிக்கும் கிதார்கள் 2 கிலோவை ஒட்டியே இருக்கும். 70 கிலோ இல்லை, 200 கிலோ இழுத்தாலும் என் கிதார் அசைந்திருக்காது. கம்பி அதிர்ந்தாலும் அசையவில்லை, அதுதான் கோளாறு.

இதன் பின்னால் இருக்கிற கணக்கு ஒன்றே ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் உளியை எடுக்கவே கூடாது என்பேன். பலகையின் எடை அதன் கனத்தோடு நேராகக் கூடும், குறையும். விறைப்பு அப்படி இல்லை, கனத்தின் மும்மடியில், அதாவது கனம் × கனம் × கனம் என்ற கணக்கில் மாறும். 3 மி.மீ. பலகையை 2.7 ஆக இழைத்தால் எடை 10 சதவீதம்தான் குறைகிறது, விறைப்போ 27 சதவீதம் போய்விடுகிறது. பிரேஸுக்கும் இதே கணக்குதான். அகலத்தைப் பாதியாக்கினால் எடையும் பாதி, விறைப்பும் பாதி. உயரத்தை 16 மி.மீ.யிலிருந்து 14 ஆக்கினால் எடையில் எட்டில் ஒரு பங்கு குறையும், விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். அதனால்தான் பிரேஸ்கள் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். குட்டையும் தடிமனுமாகச் செய்தால் எடையைச் சுமக்கிறோம், பலன் இல்லை.

கம்பி தருகிற சக்தி ரொம்பச் சின்னது. அதை வைத்துக்கொண்டு பலகையை ஆட்ட வேண்டும். எனவே பலகை எடை குறைவாக இருக்க வேண்டும், அதே சமயம் 70 கிலோவுக்கு வளைந்து கொடுக்காத விறைப்பும் வேண்டும். ஸ்ப்ரூஸும் செடாரும் மேல்பலகைக்குப் பெயர் வாங்கியது இதனால்தான். இரண்டும் எடைக்கு எடை பார்த்தால் விறைப்பு மிகுந்த மரங்கள்.

ஆனால் "ஸ்ப்ரூஸ்" என்ற பெயர் மட்டும் போதாது என்பதை நான் கண்ணால் பார்த்தது நான்காவது கிதாரின்போது. இரண்டு ஜோடிப் பலகைகள் வாங்கியிருந்தேன். ஒன்றில் ரேகைகள் நெருக்கமாக, கோடு கிழித்தது போல நேராக, பார்க்கவே அழகாக இருந்தன. மற்றதில் ரேகை அகலம், ஆங்காங்கே பழுப்பு நிறத் தீற்றல். அழகானதை எனக்கென்று ஒதுக்கிவைத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்து ஒவ்வொரு ஜோடியையும் ஒட்டி ஒரே பலகையாக்கி, சரியாக 3 மி.மீ.க்கு இழைத்து, 45 செ.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் படுக்கவைத்து, நடுவில் ஒரு கிலோ எடை வைத்தேன். எவ்வளவு தாழ்கிறது என்று டயல் கேஜில் பார்த்தால், அழகுப் பலகை 2.6 மி.மீ. தாழ்ந்தது, தீற்றல் விழுந்தது 1.8 மட்டுமே. ஒரே இனம், ஒரே கனம். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, 270 கிராமும் 280 கிராமும்.

அந்த மும்மடிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தீற்றல் பலகையை 2.65 மி.மீ. வரை இழைத்தால்தான் அது 3 மி.மீ. அழகுப் பலகையின் விறைப்புக்கு வரும். அப்போது அதன் எடை 250 கிராமுக்கும் கீழே. அதாவது அதே பலம், இன்னும் குறைந்த எடை. எது நல்ல பலகை என்று கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு கிலோ படிக்கல்லுக்குத் தெரிந்தது. "மேல்பலகையை எவ்வளவு கனத்தில் விட வேண்டும்?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் எண் சொல்வதில்லை. இரும்புக் கம்பிக்கு 2.5 முதல் 3 மி.மீ., நைலான் கம்பிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதைப் பலகை வளையும் அளவுதான் சொல்ல வேண்டும்.

தட்டிப் பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மண்பானையைத் தட்டி வாங்குகிற மாதிரி, பலகையை இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டினால் நல்ல பலகை மணி போல ஒலிக்கும். பிடிக்கிற இடம் முக்கியம். நீளத்தில் ஒரு முனையிலிருந்து சுமார் 22 சதவீதம் தள்ளிப் பிடிக்க வேண்டும். பலகை வளைந்து அதிரும்போது அசையாமல் நிற்கும் இடம் அது. வேறு எங்கே பிடித்தாலும் நம் விரலே ஒலியை விழுங்கிவிடும். சரி, தட்டினால் மட்டும் என்ன தெரியும்? பலகை சீக்கிரம் ஊமையாகிறதா, நீண்டு ஒலிக்கிறதா என்பது தெரியும். எங்கே இழைப்பதை நிறுத்துவது என்பது எனக்கு இன்றுவரை தட்டல் ஓசையில் பிடிபடவில்லை. நூறு கிதார் செய்த கைக்கு அது பேசலாம். ஏழு செய்த கைக்கு எடைக்கல்லும் நோட்டுப் புத்தகமும்தான் பேசுகின்றன.

பின்பலகை, பக்கப் பலகை மரத்தைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டு ரொம்ப நாளாகிறது. நவீன கிதாருக்கு வடிவம் கொடுத்தவர் என்று கொண்டாடப்படும் ஸ்பெயின்காரர் அந்தோனியோ டி டோரஸ், 1862-இல் பின்புறமும் பக்கங்களும் வெறும் அட்டையால் ஆன ஒரு கிதாரைச் செய்து காட்டினார். ஒலியின் உயிர் மேல்பலகையில் இருக்கிறது என்று நிரூபிப்பதற்காகத்தான். நம் காலத்திலும் ஒரு சோதனை நடந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில், பின்பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வெவ்வேறு மரத்தில் இருக்கும்படி செய்த ஆறு கிதார்களை, எது எதுவென்று தெரியாதபடி 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ரோஸ்வுட் அழகான மரம், வளைக்க இதமானது. அதற்காக வாங்குங்கள், தப்பில்லை.

இரண்டாவது கிதாருக்கு வருகிறேன். கம்பளி என்ற சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால் எதிர்த் திசையில் ஓடினேன். மேல்பலகை 2.3 மி.மீ., பிரேஸ்கள் தீக்குச்சி மாதிரி. கம்பி பூட்டிய அன்று வீடே அதிர்ந்தது. தாழ்ந்த சுருதியின் கட்டை ஒலி அலை மாதிரி வந்து மோதியது. மூன்று நாள் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதத்தில் கம்பிகளைப் பலகையோடு பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டது, முன்னால் குழி விழுந்தது, கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டான ஃப்ரெட்டிலிருந்து எழும்பி விரல் வலிக்க ஆரம்பித்தது. கடைசியில் பிரிட்ஜின் பின் விளிம்பு பலகையை விட்டுப் பிரிந்தது.

இந்த இரண்டு விபத்துகளுக்கும் நடுவே நிற்க நான் வைத்துக்கொண்ட வழி எளிமையானது. கம்பி பூட்டுவதற்கு முன் பிரிட்ஜ் மேல் போனை வைத்து அதன் சாய்வுமானியில் கோணத்தைக் குறித்துக்கொள்வேன். கம்பியைச் சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விட்டு மறுபடி பார்ப்பேன். பிரிட்ஜ் கம்பியின் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். 1 டிகிரிகூட இல்லை என்றால் இன்னும் சீவ இடம் இருக்கிறது. 2 டிகிரியைத் தாண்டினால் உளியைக் கீழே வைத்துவிடுவேன்.

மூன்றாவது கிதாரைக் கெடுத்தது நான் இல்லை, மழை. சரி, மழையைக் கவனிக்காத நான். அடை மழை நாட்களில் பிரேஸ்களை ஒட்டினேன். மரம் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து அகலத்தில் விரிந்திருக்கும் நேரம் அது. நீள வாக்கில் மரம் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகல வாக்கில்தான் ஆட்டம் எல்லாம். 400 மி.மீ. அகலமுள்ள மேல்பலகை ஈரத்துக்கும் வறட்சிக்கும் நடுவே 2, 3 மி.மீ. சுருங்கும். குறுக்கே ஒட்டிய பிரேஸ் சுருங்காது. கோடையில் அந்த இழுபறியில் பலகை உள்வாங்கி, ஃப்ரெட்போர்டின் ஓரமாக விரல் நீளத்துக்கு வெடித்தது. அதற்கு முன்பே ஒலி மாறிவிட்டிருந்தது. உச்ச சுரங்கள் ஈர்க்குச்சியால் தட்டினது போலக் காய்ந்து போயின.

இப்போது அறையின் ஈரப்பதம் 45-க்கும் 50-க்கும் நடுவே இருந்தால் மட்டுமே பிரேஸ் ஒட்டுகிறேன். மழைக்காலத்தில் மூடிய ஒரு அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் போட்டுப் பலகையைச் சில நாள் வைத்து, வெளியே எடுத்ததும் ஒட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சேறு போலக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பைக்குள் ஒரு இரவு வைத்தால், அது 75-ஐக் காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. அந்தக் கோணல் மானியை நம்பித்தான் மூன்றாவது கிதாரை ஒட்டியிருந்தேன்.

பசை, வார்னிஷ் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பசை மெல்லிய படலமாக இருக்க வேண்டும், இணைப்பு பசையை நம்பி நிற்கக் கூடாது. வார்னிஷ் விஷயத்தில் கண்ணாடிப் பளபளப்புக்கு ஆசைப்படாதீர்கள். முதல் கிதாரின் மேல்பலகையில் பூசியது மட்டும் 40 கிராமுக்கு மேல். இப்போது நான் செய்கிற ஒரு பிரிட்ஜைவிடக் கூடுதலான எடையைப் பளபளப்புக்காகச் சுமக்க வைத்திருக்கிறேன். இப்போது மேல்பலகைக்கு அரக்கு மட்டும், துணிப் பந்தால் தேய்த்து, மெல்லிசாக.

நான்காவது கிதார் நன்றாகவே வந்தது, ஒரு சுரத்தைத் தவிர. மூன்றாவது கம்பியைத் திறந்து, அதாவது விரல் வைக்காமல், மீட்டினால் 'டப்' என்று பெரிதாக எழும், எழுந்த உடனே செத்துவிடும். அதே சுரத்தை நான்காவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் வாசித்தாலும் அப்படியே. வேறெந்த சுரத்துக்கும் இந்த நோய் இல்லை. கம்பியை மாற்றினேன், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

விஷயம் இதுதான். கிதாரின் உடலுக்கும் சொந்தமாகச் சில சுருதிகள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் காற்று பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். மேல்பலகையின் முக்கிய அதிர்வு 170-லிருந்து 220 வரை எங்காவது நிற்கும். அது ஒரு சுரத்தின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்துவிட்டால், அந்த சுரத்தின் சக்தி முழுவதையும் பலகை ஒரே மடக்கில் குடித்துவிடும். ஓநாய் சுரம் என்பார்கள். கம்பிகளைத் துணியால் அமுக்கிவிட்டு, பிரிட்ஜை விரல் நுனியால் தட்டி, போனில் அதிர்வெண் காட்டும் செயலியில் பார்த்தேன். காற்று 101. பலகை 196. திறந்த மூன்றாவது கம்பியான ஜி சுரமும் அதே 196 ஹெர்ட்ஸ்தான்.

பிரிட்ஜ் மேல் ஒட்டுக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினேன். எடை கூடக் கூட எண் இறங்கியது. 8 கிராமில் 190 வந்தது. ஜி-க்கும் அதற்குக் கீழே இருக்கும் 185-க்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத இடம். ஜி சுரம் மற்ற சுரங்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டது. களிமண்ணை எடுத்துவிட்டு, எடை ஏற்றாமல் அதே இடத்துக்கு இறக்க, உள்ளே இரண்டு பிரேஸ்களைச் சீவினேன். களிமண் சோதனையின் அருமை என்னவென்றால் பிடிக்காவிட்டால் உருட்டி எடுத்துவிடலாம். சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அந்தச் சீவலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த வேலை அது. வார்னிஷ் பூசாத கிதாரில் கம்பியைப் பூட்டி ஒரு வாரம் விட்டிருப்பேன். கம்பியைத் தளர்த்தி ஓரமாகத் தள்ளிவிட்டு, பத்து செ.மீ. அகலத் துளைக்குள் இடது கையை முழங்கை வரை நுழைக்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன விளக்கு, ஒரு கைக்கண்ணாடி. கட்டைவிரல் அளவே உள்ள இழைப்புளி. கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும், முதல் பத்து நிமிடம் கை எங்கே போகிறது என்றே புரியாது. அப்புறம் கண்ணை மூடிக்கொள்வதே வசதி. பிரேஸின் முனையிலிருந்து நான்கு விரல் தள்ளி ஆரம்பித்து, முனையை நோக்கி நான்கு இழைப்பு. சுருள் உள்ளங்கையில் விழும். நடுப்பகுதியைத் தொட மாட்டேன், பலம் அங்கே இருக்கிறது. கையை எடுத்து, கம்பியைத் திரும்ப ஏற்றி, சுருதி சேர்த்து, தட்டி, எண்ணைக் குறித்து, கொஞ்சம் வாசித்துப் பார்ப்பேன். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று சுற்றுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, காது களைத்துவிடும். களைத்த காதுக்கு 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

கட்டை சுரங்கள் நிறைந்து வர ஆரம்பிக்கும்போது முதல் கம்பியின் மேல் சுரங்களைக் கவனியுங்கள். அவை மெலிந்து, தகரம் போல ஆகத் தொடங்கினால் ஒரு சுற்று அதிகமாகிவிட்டது என்று பொருள். ஐந்தாவது கிதாரில் எனக்கு அது நடந்தது. கட்டை ஒலிக்காக ஆசைப்பட்டு மேல் சுரங்களைக் கோட்டைவிட்டேன்.

உளியை எடுக்கும் முன் வெளிப்புறத்தைப் பார்த்துவிடுங்கள் என்பதையும் அனுபவத்தில்தான் கற்றேன். ஆறாவது கிதாரில் கட்டைக் கம்பிகள் மூன்றும் மந்தமாக இருந்தன. பிரேஸைச் சீவக் கையை உள்ளே விடும் நேரத்தில், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையான சேடிலைத் தற்செயலாக உருவிப் பார்த்தேன். அடிப்புறத்தில் பென்சில் கரி தேய்த்து, திரும்பச் செருகி எடுத்தால், கரி பதிந்தது ஒரு பாதியில் மட்டும். கட்டைக் கம்பிகளின் பக்கம் சேடில் காற்றில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலின் அடியைப் பத்து நிமிடம் தேய்த்தேன். மந்தம் போய்விட்டது. பிரேஸைச் சீவியிருந்தால் ஒரு நல்ல பலகையைச் சும்மா பலவீனமாக்கியிருப்பேன். சேடிலின் அடி, நட்டின் பள்ளங்கள், பழைய கம்பி, ஒட்டு விட்ட பிரேஸ் என்று நான்கையும் பார்க்காமல் இப்போது நான் துளைக்குள் கை விடுவதில்லை.

போன மாதம் அந்த முதல் கிதாரைப் பரண் மேலிருந்து இறக்கினேன். தட்டிப் பார்த்தால் பலகையின் எண் 238 ஹெர்ட்ஸ். வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். பலகையை வெளிப்பக்கமாக, பிரிட்ஜைச் சுற்றி விட்டுவிட்டு, ஓரங்களை நோக்கி 3 மி.மீ. வரை தேய்த்தேன். உள்ளே கை விட்டு ஐந்து நாள் பிரேஸ்களைச் சீவினேன். மொத்தமாக ஒரு கை நிறையச் சுருள் வந்தது. எண் 207-க்கு இறங்கியது. கட்டை ஒலி முதன்முறையாக அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் இன்னும் கம்பளி வாசனை அடிக்கிறது. பிரிட்ஜைக் கழற்றி எடை போட்டேன், 46 கிராம். இப்போது செய்கிறவை எல்லாம் 30-க்குள் முடிந்துவிடுகின்றன. புதியதற்கான மரத்துண்டை அறுத்து அலமாரிக்குள் வைத்திருக்கிறேன், ஈரம் இறங்கட்டும் என்று.